உடல் நலப் பகுதி: மருந்து முடிந்த பின்னர்

நம் சங்கத்து உறுப்பினர் குடும்பம் ஒன்றிலிருந்து சென்ற திங்கள் நமக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் ஓர் இல்லத்தரசி. தம் கணவருக்கு ஹெபடைடிஸ் ‘சி’ என்னும் கல்லீரல் நோய் இருந்ததாகவும், அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு வாரம் மாத்திரை உண்டதாகவும், மருந்து முடிந்து மூன்று திங்கள் கழித்து எடுத்த சோதனையில் கிருமி இல்லையென்று எழுதித் தந்துவிட்டதாகவும் அவர் தெரிவித்திருந்தார். அதன்பின் அவர் கேட்டிருந்தது இது: “நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லுகிறார். ஆயினும் இவர் இன்னும் தனித் தட்டில்தான் உண்கிறார், குழந்தையைத் தூக்குவதில்லை, களைப்பு என்று மாலையிலேயே படுத்துவிடுகிறார். நாங்கள் இனி என்ன செய்யவேண்டும்?”

இம்மடலை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பிறந்த ஊரையும் உற்றாரையும் விட்டுத் தொலைவில் வாழும் குடும்பங்களில் நோய் பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுகிறது. அண்டை வீட்டாரிடம் சொல்ல மொழி தடையாகிறது. ஊரிலுள்ள பெரியவர்களிடம் சொல்ல அச்சம். சங்கத்து நண்பர்களிடம் சொல்லக் கூச்சம். மருத்துவமனைக்கு நடந்த நாட்களிலாவது கேட்பதற்கு ஒரு டாக்டர் இருந்தார். மருந்து முடிந்ததும் அந்தத் தொடர்பும் அற்றுப்போகிறது. ஆகையால் இத்திங்கள் இப்பகுதியைச் சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்வுக்கே ஒதுக்குகிறோம். நாம் கூற விரும்புவது ஒன்றே: உடலிலிருந்து கிருமியை நீக்குவது மருந்தின் வேலை, நீங்கியபின் மனிதரைத் தேற்றுவது வீட்டின் வேலை. முன்னது பன்னிரண்டு வாரத்தில் முடியும். பின்னதற்கு அதனினும் நீண்ட பொறுமை வேண்டும்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். இக்கிருமியை விஞ்ஞானிகள் 1989-ஆம் ஆண்டில்தான் இனங்கண்டனர். அதுவரை ‘ஏ’ வகையுமன்று, ‘பி’ வகையுமன்று என்ற அளவிலேயே அது அறியப்பட்டிருந்தது. இதன் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹோட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-இல் மருத்துவ நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இக்கிருமி இரத்தத்தோடு இரத்தம் கலப்பதால் பரவுவது. நம் நாட்டில் தானமாகப் பெறும் இரத்தத்தை இக்கிருமிக்காகச் சோதிக்கவேண்டும் என்னும் விதி 2001-ஆம் ஆண்டை ஒட்டித்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் அறுவைச் சிகிச்சையின்போதோ பிள்ளைப்பேற்றின்போதோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், தூய்மை செய்யாத ஊசியால் மருந்து போட்டுக்கொண்டவர்கள், பச்சை குத்திக்கொண்டவர்கள், சிறுநீரக நோய்க்காக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எனப் பலரும் தம்மை அறியாமலே இக்கிருமிக்கு ஆளாகியிருக்கக் கூடும். கண்ணில் மஞ்சள் நிறம் தோன்றாமலும், வலி எதுவும் காட்டாமலும் இருபது முப்பது ஆண்டுகள் அது ஈரலில் தங்கியிருத்தல் உண்டு. எனவே, நோயாளியை நோக்கி, “எங்கிருந்து கொண்டுவந்தாய்?” என்று கேட்பது பயனற்றது, பல வேளைகளில் கொடியதுமாகும். இளமையில் எந்த ஊசியில் வந்தது என்பதை அவரே அறியார்.

சிகிச்சையில் இரண்டு காலங்கள் உண்டு. 2015-க்கு முன் மருந்து உண்டவர்களின் துன்பம் வேறு. பின் உண்டவர்களின் அனுபவம் வேறு. முன்னவர்களைப் பற்றி நாம் சிறிது விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் அவர்களிற் சிலர் இன்னும் நம்மிடையே மௌனமாக வாழ்கின்றனர்.

அக்காலத்து மருந்து இன்டர்ஃபெரான் என்னும் ஊசியும் ரிபாவிரின் என்னும் மாத்திரையுமாகும். பிற்காலத்தில் வந்த நீடித்த இன்டர்ஃபெரான் ஊசியை வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளவேண்டும். இருபத்துநான்கு வாரமோ நாற்பத்தெட்டு வாரமோ தொடரவேண்டும். ஊசி போட்ட அன்றிரவே குளிர் நடுக்கமும் காய்ச்சலும் உடல் வலியும் வரும். நாளடைவில் பசி குறையும், எடை இறங்கும், தலைமுடி கொட்டும். ரிபாவிரின் சிவப்பணுக்களைச் சிதைப்பதால் சோகை உண்டாகி, மாடிப்படி ஏறவும் மூச்சு வாங்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, இன்டர்ஃபெரான் மனத்தையே கலக்கவல்லது. சாந்தமானவர் எரிந்து விழுவார்; கலகலப்பானவர் காரணமின்றி அழுவார்; உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணங்கூடத் தோன்றுவதுண்டு. இது மருந்தின் விளைவு என்பதை அறியாத குடும்பங்களில் கணவன் மனைவியரிடையே ஆறாத புண்கள் உண்டாயின. அன்று சொல்லப்பட்ட கடுஞ்சொற்களை இன்றும் மனத்தில் வைத்திருப்போர் இருப்பின், அவற்றை அம்மனிதரின் கணக்கில் எழுதாமல் அம்மருந்தின் கணக்கில் எழுதி மறந்துவிடும்படி வேண்டிக்கொள்கிறோம்.

இத்தனையும் பொறுத்தும், கிருமியின் முதல் வகையைச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே குணம் கிட்டியது. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் மூன்றாம் வகையில் வெற்றி அதனினும் கூடுதல் என்றாலும், தோற்றவர்களும் பாதியில் நிறுத்தியவர்களும் பலர். “ஓராண்டு பட்ட பாடு போதும், இனி நடப்பது நடக்கட்டும்” என்று அவர்கள் மருத்துவமனைப் பக்கமே செல்லாது விட்டனர். அவர்களுக்கு நாம் உறுதியாகச் சொல்ல விரும்புவது: நீங்கள் அஞ்சி விலகிய அந்த ஊசி இன்று இந்நோய்ச் சிகிச்சையில் வழக்கில் இல்லை. முன்பு தோற்றவர்களையும் இன்றைய மாத்திரைகள் பெரும்பாலும் குணப்படுத்துகின்றன. மறுபடியும் ஒருமுறை செல்லுங்கள்.

இன்றைய மருந்துகளின் வரலாறும் அறியத்தக்கது. சோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை 2013-இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, பன்னிரண்டு வார மருந்தின் விலை 84,000 டாலராக இருந்தது. எண்பத்துநான்கு நாட்களுக்கு எண்பத்துநான்கு மாத்திரை. மாத்திரை ஒன்றுக்கு ஆயிரம் டாலர்! 2014-இல் இந்திய மருந்து நிறுவனங்கள் பலவற்றுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்தது; 2015 முதல் இங்கேயே அம்மருந்து மிகச் சிறு விலையில் செய்யப்பட்டது. பஞ்சாப் மாநில அரசு 2016-இல் இதனை மக்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வாயிலாக, நாடெங்கும் உள்ள சிகிச்சை மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசமாகத் தரப்படுகின்றன. பொருளில்லை என்பது இனி இந்நோய்க்குக் காரணமாக நிற்கவேண்டியதில்லை.

ஈரல் பெரிதும் கெடாதவர்களுக்குச் சோஃபோஸ்புவிரும் டாக்லாட்டாஸ்விரும் சேர்த்துப் பன்னிரண்டு வாரம் தரப்படுகின்றன. ஈரல் சுருங்கிய நிலையை, அதாவது சிர்ரோசிஸ் நிலையை, அடைந்தவர்களுக்குச் சோஃபோஸ்புவிரும் வெல்பாட்டாஸ்விரும் தருவர்; நோய் முற்றியிருப்பின் ரிபாவிரினையும் உடன் சேர்ப்பர். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். சிலருக்குத் தலைவலி, சோர்வு, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை தோன்றும். அவை பெரும்பாலும் தாங்கத்தக்கவையே.

இப்போது மருந்து உண்டு வருபவர்களுக்குச் சில குறிப்புகள். மருந்துப் புட்டி ஒன்றில் 28 நாட்களுக்குரிய மாத்திரைகளே இருக்கும். ஊருக்குத் திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ செல்ல நேரின், புட்டி தீரும் நாளை முன்னரே கணக்கிட்டு மையத்தாரிடம் தெரிவியுங்கள். இடையில் நாட்கள் விடுபடலாகாது. நாள்தோறும் ஒரே வேளையில், காலைக் காப்பியோடோ இரவு உணவோடோ பிணைத்துக்கொண்டால் மறதி நேராது. மறந்து அன்றே நினைவு வந்தால் அன்றே உண்ணலாம். மறுநாள் இரண்டு நாள் மருந்தைச் சேர்த்து உண்ணலாகாது. வலிப்பு நோய்க்கும் காசநோய்க்கும் தரப்படும் மருந்துகள் சில இம்மாத்திரையின் வலிமையைக் குறைத்துவிடும். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் இதனோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து விளையலாம். வயிற்றெரிச்சலுக்கு நாமே கடையில் வாங்கி உண்ணும் மாத்திரையும் வெல்பாட்டாஸ்விரின் பயனைக் கெடுக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கிருமி குறையுந்தோறும் சர்க்கரை அளவு எதிர்பாராது தாழ்வதுண்டு. ஆகவே உண்ணும் மருந்து அனைத்தையும், லேகியம் சூரணம் உட்பட, ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டவேண்டும். ‘பி’ வகைக் கிருமியும் உண்டா என்று மருந்து தொடங்குமுன் சோதித்திருத்தல் இன்றியமையாதது. ‘சி’ அடங்கும்போது ‘பி’ தலைதூக்குவதுண்டு.

நிற்க. மருந்து முடிந்த பின்னர் என்ன என்ற வினாவுக்கு வருவோம்.

முதலாவது, பன்னிரண்டு வாரக் காத்திருப்பு. கடைசி மாத்திரை உண்ட நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து இரத்தத்தில் கிருமியின் அளவைக் காணும் ஆர்.என்.ஏ. சோதனை செய்யவேண்டும். அதில் கிருமி இல்லையெனில் நோய் குணமாயிற்று என்பதே பொருள். மருந்து முடிந்ததும் உடல் நலமாக இருக்கிறதே என்று இச்சோதனைக்குச் செல்லாதோர் பலர். இது பெரும் பிழை. குணமாகாத சிலருக்கு மறுசிகிச்சை உண்டு. சோதிக்காவிடில் அவர்களை யார் அறிவார்?

இரண்டாவது, தாளைப் பற்றிய குழப்பம். கிருமி நீங்கிய பின்னும், அதனை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் நெடுங்காலம், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், நிலைத்திருக்கும். எனவே வேலைக்கான உடற்பரிசோதனையிலோ அறுவைச் சிகிச்சைக்கு முன்னரோ எதிர்ப்பொருள் சோதனை செய்தால் ‘உண்டு’ என்றே வரும். இதைக் கண்டு நோய் திரும்பிவிட்டது என்று பதறிய குடும்பங்கள் உண்டு. நோய் உள்ளதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனையே சொல்லும். நம்மைப் போல் மாநிலம் விட்டு மாநிலம் மாறுவோர் குணமானதைக் காட்டும் அறிக்கையையும், உண்ட மருந்தின் பெயரையும் நாட்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்தல் வேண்டும். எதிர்ப்பொருள் உள்ளவர் இரத்த தானம் செய்தல் மட்டும் கூடாது.

மூன்றாவது, அந்தத் தனித் தட்டு. இந்நோய் ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குவளையில் பருகுவதாலோ, தழுவுவதாலோ, குழந்தையை முத்தமிடுவதாலோ, இருமல் தும்மலாலோ பரவுவதன்று. கிருமி இருந்த காலத்திலேயே தனித் தட்டு வேண்டியிருக்கவில்லை. கிருமி நீங்கிய பின் அதற்கு என்ன வேலை? சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுதல் எல்லா வீடுகளுக்கும் எப்போதும் உரிய நல்வழக்கம். மடல் எழுதிய சகோதரி தம் கணவருக்கு நாள்தோறும் விளக்கவுரை நிகழ்த்தவேண்டியதில்லை. எல்லோருக்கும் பரிமாறும்போது அவருக்கும் அதே தட்டுகளில் ஒன்றை வைத்துவிடட்டும். குழந்தையை அவர் மடியில் கொண்டுபோய் அமர்த்திவிட்டுத் தாம் அடுக்களைக்குச் செல்லட்டும். தம்மைத் தாமே தீண்டத்தகாதவராக எண்ணப் பழகியவருக்குச் சொல்லைவிடச் செயலே விரைவில் நம்பிக்கை தரும்.

நான்காவது, ஈரலின் நிலை. குணமடைந்தவர்கள் யாவரும் ஒரு நிலையினர் அல்லர். ஈரலில் தழும்பு குறைவாக இருந்தவர்களுக்கு அது நாளடைவில் ஆறிவிடும். தனிப்பட்ட கண்காணிப்பு பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் சிர்ரோசிஸ் நிலைக்குச் சென்று மீண்டவர்களுக்குக் கிருமி போன பின்னும் ஈரலில் புற்று உண்டாகும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை, குறைகிறது, அவ்வளவே. அவர்கள் ஆறு திங்களுக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் சோதனை செய்துகொள்ளவேண்டும். குணமாயிற்று என்ற சொல்லைக் கேட்ட மகிழ்ச்சியில் இதனைக் கைவிட்டவர், காலத்தே கண்டால் தீர்க்கக்கூடிய கட்டியைக் காலங்கடந்து காண நேரும். தாம் எந்நிலையினர் என்பதை ஒவ்வொருவரும் தம் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். கேட்பதற்கு மொழி தடையாயின், அம்மாநில மொழி அறிந்த சங்க அன்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் தவறில்லை. பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தி, தாய் தந்தையின் நோயைக் குழந்தை வாயால் சொல்லவைப்பது நன்றன்று.

ஐந்தாவது, உணவு. காமாலை என்றதும் நம் வீடுகளில் எண்ணெய் நின்றுவிடும், பருப்பு நின்றுவிடும், மோர்ச் சோறே பத்தியமாகும். நெடுநாள் நோயால் மெலிந்தவருக்கு இப்பத்தியம் தீங்கே செய்யும். குணமடைந்தவர் வீட்டிலுள்ளோர் உண்பதையே உண்ணலாம். சிர்ரோசிஸ் உள்ளவருக்குப் புரதம் மிகுதியாகவே தேவை. பருப்பும் பயறும் பாலும், உண்ணும் வழக்கமுடையோர்க்கு முட்டையும் மீனும் நல்லன. அவர்கள் உறங்குமுன் சிற்றுணவு ஒன்று உண்பது தசை தேய்வதைத் தடுக்கும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு உப்பைக் குறைக்கவேண்டும். அப்பளமும் ஊறுகாயும் வற்றலும் அவர்களுக்கு ஆகா. நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு: காப்பி அருந்துவோரின் ஈரலில் தழும்பு குறைவாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் தெரிவிக்கின்றன. சர்க்கரையை மட்டும் அளவோடு நிறுத்துங்கள். மதுவோ, ஈரல் கெட்டவருக்கு ஒரு துளியும் ஆகாது. ‘ஏ’, ‘பி’ வகைகளுக்குத் தடுப்பூசி உண்டு. அதைப் போட்டுக்கொள்வது அறிவுடைமை.

கீழாநெல்லியைப் பற்றியும் கேட்போர் உளர். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், ‘பி’ வகைக் கிருமியைக் கண்டறிந்த புளூம்பெர்க்குடன் இணைந்து, அக்கிருமி உடையோர்க்கு இம்மூலிகையைக் கொடுத்து நற்பயன் கண்டதாக வெளியிட்டனர். பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதே பயனைக் காட்டவில்லை. ‘சி’ வகைக்கு அது மருந்தென்று நிறுவப்படவில்லை. முன்னோர் போற்றிய மூலிகைக்கு நாம் வணக்கம் செலுத்துகிறோம். எனினும் மாத்திரையை நிறுத்திவிட்டு அதனை நாடுவது தகாது.

இறுதியாக, களைப்பு. கிருமி நீங்கியதும் பலருக்குச் சில வாரங்களில் தெம்பு திரும்புகிறது. சிலருக்குத் திங்கள் பலவாகிறது. ஆண்டுக்கணக்கில் வேலையையும் நோயையும் ஒருசேரச் சுமந்த உடல், அறிக்கை வந்த மறுநாளே துள்ளி எழும் என்று எதிர்பார்த்தல் கூடாது. “இன்னும் என்ன களைப்பு? குணந்தான் ஆகிவிட்டதே!” என்ற சொல்லை வீட்டார் தவிர்க்கவேண்டும். அதே வேளையில் களைப்பு நீங்காது நீடித்தால், அதற்குப் பிற காரணம் உண்டா என்று பார்க்கவேண்டும்: சோகை, சர்க்கரை, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு. இன்டர்ஃபெரான் பெற்றவர்களிடத்தில் தைராய்டுக் கோளாறு தோன்றுவதுண்டு. காலையில் பத்து நிமிட நடையில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டிவருதல் உடலுக்கும் மனத்துக்கும் நல்லது. துணைக்கு வீட்டில் ஒருவர் உடன் நடந்தால் அது பாதி மருந்தாகும்.

மனச்சோர்வை வெட்கத்துக்குரியதாக எண்ணவேண்டாம். உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும். அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். அங்குப் பேசக்கூடிய மொழிகளுள் தமிழும் ஒன்று. அயல் மாநிலத்தில் தம் துயரைத் தம் மொழியிலேயே சொல்லக் கிடைப்பது சிறு உதவியன்று.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஒருமுறை குணமடைந்ததால் இந்நோய் மறுமுறை வாராது என்பதில்லை. இதற்குத் தடுப்பூசியும் இன்னும் இல்லை. புதிய ஊசி, புதிய பிளேடு என்று கேட்டு வாங்கும் பழக்கம் என்றும் நம்மிடம் இருக்கவேண்டும். நோயுற்றவரின் மனைவி அல்லது கணவரும், நோயுற்ற தாய் ஈன்ற மக்களும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நலம். 2001-க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்ட பெரியவர்கள் வீட்டில் இருப்பின் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அருகிலுள்ள மாவட்ட மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரித்தால் சிகிச்சை மையம் எதுவெனச் சொல்வார்கள்.

இது குறித்து மேலும் வினாக்கள் உடைய அன்பர்கள் சங்க முகவரிக்கு எழுதலாம். எழுதுவோரின் பெயரும் ஊரும் எக்காரணத்தைக் கொண்டும் வெளியிடப்படமாட்டா. மருத்துவமனைக்குத் துணைவர விரும்பும் அன்பர்களும் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் பதிவு செய்துகொள்ளும்படி அன்புடன் வேண்டுகிறோம்.